அட்டைச் சாமி உதைத்த பெனால்டி

கம்பம் பள்ளத்தாக்கில் காட்டுயானைக்குப் பயப்படாத ஆட்களை எனக்குத் தெரியும். அட்டைச் சாமிக்குப் பயப்படாத ஓர் ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்த பாதிரியார் அவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கால்பந்து நடுவர் காட்டுவாரே மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, அவை இரண்டும் அவருடைய வெள்ளை அங்கியின் பையில் எந்நேரமும் இருக்கும். அதனால் அட்டைச் சாமி.

மைதானத்தோடு விட்டால் பரவாயில்லை. பூசையிலும் காட்டுவார். பிரசங்கத்தின் நடுவே குறட்டை விட்ட வாழைக்காய் மண்டிக்காரருக்கு மஞ்சள். எழுப்பிவிட்ட பிறகும் தூங்கினார், சிவப்பு. மனிதர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றே மீதிப் பூசையைக் கண்டார். கல்யாணத்துக்குத் தாமதமாக வந்த மாப்பிள்ளைக்கே ஒருமுறை மஞ்சள் விழுந்தது. பாவம், அந்த ஆள் தாலி கட்டி முடிக்கும்வரை சாமியின் பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் நடத்திய கால்பந்து டீமுக்கு நான் கோல்கீப்பர். பிழைப்பு சின்னமனூர் அரிசி மில்லில். டீமில் பாதிப் பேர் திருநீறு பூசியவர்கள். சாமிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே சட்டம். மேட்சுக்கு முன்னால் கோல்போஸ்ட்டுக்குப் பின்னே ஸ்டூல் போட்டு உட்கார்வார். ஒவ்வொருவராகப் போய், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் பூட்ஸ் மாட்ட வேண்டும். இந்துக்களிடம் மட்டும், மன்னிப்புக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, சொல்லிவிட்டுப் போனால் ஓடுவதற்கு லேசாக இருக்கும் என்பார். சுருளிப்பட்டி விவசாயி மொக்கைச்சாமி எங்கள் லெஃப்ட் பேக். அண்ணன் தோட்டத்து முறைத்தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பியதைச் சொல்லிவிட்டு வந்து, அன்றைக்கு அவன் ஓடிய ஓட்டத்தை ஊரே வாய்பிளந்து பார்த்தது. லேசாகி ஓடவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே அண்ணன் நின்றிருந்ததை எழுந்த பிறகுதான் கவனித்திருக்கிறான்.

ஒரு மேட்சில் இடைவேளைக்குள் நான் மூன்று கோல் விட்டேன். சிவப்பு நிச்சயம் என்று நானே கையுறையைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"பேதுருவும் மூணு விட்டவருதான்டா. ஆண்டவர் அவர டீம விட்டுத் தூக்கலயே" என்றார் சாமி.

ஏசுவைத் தெரியாது என்று அவருடைய சீடர் பேதுரு மூன்று முறை மறுதலித்ததைச் சொல்கிறார். மொக்கைச்சாமி என் காதருகே வந்து, அவுக எந்த ஊர் கீப்பர் என்று கேட்டான்.

அந்தச் சமயத்தில்தான் மேகமலை எஸ்டேட் டீம் எங்களை விளையாடக் கூப்பிட்டது. சின்னமனூரிலிருந்து மேலே போகிற அந்த ரோட்டை ரோடு என்று சொல்வதற்கே மனசு வராது. சாமிதான் ஜீப்பை ஓட்டுகிறார் என்று தெரிந்ததும் எங்கள் சென்டர் ஃபார்வர்டுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் சாமி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துச் சிலுவை போட்டார். கீழே பார்த்தால் பாதாளம். ரெண்டு கையாலும் ஓட்டுங்க சாமி என்று கெஞ்சினோம். விசுவாசம் இல்லாத பயல்கள் என்று திட்டி, எங்களுக்கு மஞ்சள் அட்டை காட்ட இன்னொரு கையையும் எடுத்தார்.

ஆள் குறைந்ததால் சாமியே அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆட்டம் முடிகிற நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி. எதிரே கீப்பர் தங்கராசு, டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒல்லியான ஆள். சாமி உதைத்தார். போஸ்ட் பக்கமாகத் தாவிய அவன் நெஞ்சில் பந்து பாய்ந்தது. பின்னால் சரிந்தவனின் தலை கோல்போஸ்ட்டில் மோதியது. விழுந்தவன் எழவில்லை.

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து அவன் மனைவி செல்வி ஓடிவந்தாள். ஜீப்பின் பின்பக்கம் சாமி தங்கராசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். இந்தப் பக்கம் செல்வி, அந்தப் பக்கம் நான். டிராக்டர் மட்டுமே ஓட்டிப் பழகிய மொக்கைச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தான். பனி இறங்கி ரோடு தெரியவில்லை. மூச்சு வருகிறதா என்று நான் தங்கராசுவின் மூக்கருகே விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். பாதி மலையில் ஒரு காட்டுமாடு ரோட்டை மறித்து நின்றது. மொக்கைச்சாமி வண்டியை நிறுத்தினான். ஹாரன் அடிக்க யாருக்கும் தைரியம் இல்லை.

"உங்க சாமிகிட்ட சொல்லுங்க சாமி" என்றாள் செல்வி.

எத்தனையோ சாவுக்கட்டிலில் நின்று ஜெபம் சொன்ன மனிதர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வரவில்லை. உதடு மட்டும் ஆடியது. இவரே பயந்தால் நாங்கள் எங்கே போவது?

"பயமா இருக்குத்தா. எனக்கு வாய் வரல. நீ கும்புடுற சாமியக் கூப்புடு, நான் கூடச் சேந்துக்கிறேன்" என்றார்.

"காளியாத்தா, அவுக உசுர எங்கிட்டக் குடுத்துரு" என்றாள்.

"ஆமென்" என்றார் சாமி.

"எம்புள்ளைக்கு அப்பன் வேணும் ஆத்தா."

"ஆமென்."

முன்சீட்டிலிருந்து மொக்கைச்சாமியும் ஆமென் சொன்னான். காட்டுமாடு தன்பாட்டுக்கு டீச்செடிகளுக்குள் இறங்கிப் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை நன்றாக ஏசிவிட்டு, விலா எலும்பில் விரிசல், தலையில் அடி, கண் முழித்துவிட்டான், பிழைத்துக்கொள்வான் என்றார். செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சாமி வராந்தாச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டி, இன்னும் நடுங்குதுடா, கொஞ்சம் பிடிச்சுக்க என்றார். பிடித்துக்கொண்டேன். தங்கராசு வீடு திரும்பும்வரை அந்த வராந்தாதான் அவருக்குப் படுக்கை.

கொஞ்ச காலத்தில் சாமிக்கு மாற்றல் வந்தது. ஊரே நிம்மதியாக மூச்சுவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் வழியனுப்பப் போனேன். பஸ் கிளம்பியதும் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன். இனி எங்களுக்கு ஒன்று ஆனால், அப்படி நடுங்குவதற்கு யார் இருக்கிறார்?