பன்னிரண்டாம் பக்கத்துப் பொய்

"படிக்கிறாங்கன்னு ஒரே ஒரு அத்தாட்சி கொண்டு வாங்க, நிறுத்தலை. இல்லைன்னா வருஷக் கடைசியோட கையேடு கிடையாது," என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அவர் கெட்டவர் அல்லர். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துத்தான் சொன்னார். வீடியோ கேம் வாங்குகிறவன் பெட்டியைப் பிரித்ததும் விளையாட உட்கார்ந்துவிடுகிறான், கூடவே வருகிற கையேட்டை மடித்து, ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுக்கிறான் என்பது அவர் கட்சி. கையேடு நின்றுபோனால் அதை எழுதுகிறவரை விளம்பரப் பிரிவுக்கு மாற்றிவிடுவதாகவும் அன்போடு சொன்னார்.

கையேட்டுக்காரர் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து வந்தார். அலுவலகத்தில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேமின் பெயரும் கதைச் சுருக்கமும் ஒற்றைத் தாளில் வரும். அதை வைத்துக்கொண்டு, பொறுமையாக யோசித்து, இருபத்து நான்கு பக்கம் எழுதுவார். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர் ஒன்றும் புரியாமல் தனியாகத் திணறிக்கொண்டிருப்பார், அவர் கையைப் பிடித்து அழைத்துப் போகத்தான் இந்தப் புத்தகம் என்று நம்பினார். எழுத உட்காருமுன் அந்த முகம் தெரியாதவருக்காக ஒரு நிமிடம் பிரார்த்தனைகூடச் செய்வார். விளம்பரப் பிரிவிலோ, சாதாரண கேமையும் 'உலகம் இதுவரை காணாத அதிரடி' என்று பெட்டிமேல் எழுத வேண்டும். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

ஆகவே, பொய் எழுதுவதிலிருந்து தப்பிக்க ஒரு பொய் எழுதினார்.

கார்ப் பந்தய கேம் அது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார். சாலையோரம் களைத்து நிற்கும் முதியவருக்கு வண்டியை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தால், பெட்ரோல் தானாக நிரம்பும். பந்தயப் பாதையில் முதியவர் நிற்க வாய்ப்பே இல்லை. படிக்கிறவர்கள் தேடுவார்கள், கிடைக்காமல் கோபப்படுவார்கள், புகார் வரும். அந்தப் புகார்தான் அத்தாட்சி. சொல்வது பொய்தான் என்றாலும் யாருக்காவது தண்ணீர் கிடைக்கிற பொய்யாக இருக்கட்டுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அச்சகத்தில் நாள் பிடிக்கும் என்பதால், கேம் தயாராவதற்கு இரண்டு மாதம் முன்பே கையேடு அச்சாகி வந்துவிடுவது அங்கே வழக்கம். ஆகவே காத்திருந்தார். கேம் கடைக்குப் போன நாளிலிருந்து தினமும் புகார்ப் பிரிவு அம்மாளின் மேசையருகே போய் நின்றார்.

"ஏதாவது வந்துச்சாம்மா?"

"போன கேமுக்கு நாப்பது வந்துச்சு சார். இதுக்கு ஆறுதான். அதுவும் பெட்டி நசுங்கியிருக்குன்னு."

"வயசானவர் யாரையோ காணோம்னு யாராவது..."

"அதுக்கெல்லாம் போலீஸ்லதான் சொல்லணும் சார்."

புகார் குறைந்ததைக் கேட்டு மேலாளர் பூரித்துப் போனார். கையேடு இல்லாமலே ஜனங்களுக்கு எல்லாம் புரிகிறது, பாருங்கள் என்றார்.

பொய் சின்னதாகிவிட்டது என்று கையேட்டுக்காரருக்குத் தோன்றியது. அடுத்து வந்தது போர் கேம். காயம்பட்டு விழுந்த எதிரி வீரனுக்குக் கட்டுப் போட்டு, அவன் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே காத்திருந்தால், கோட்டையின் பின்கதவை அவனே திறந்துவிடுவான் என்று எழுதினார். வந்த புகார் இரண்டு. இரண்டும் பேட்டரியைப் பற்றி.

மூன்றாவது, கால்பந்து கேம். அதற்குள் அவருக்குத் துணிச்சல் வந்திருந்தது. தடுக்கி விழுந்த எதிரணிக்காரரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டால் கோல் கம்பம் ஒரு முழம் அகலும் என்று எழுதிவிட்டு, கண்ணை மூடி ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டார்.

இந்த முறை ஒரு புகாரும் வரவில்லை. புகார்ப் பிரிவு அம்மாள் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருந்தார்.

கடைசியில் மனைவியின் தம்பியைப் பிடித்தார். கேம் என்றால் பசி தூக்கம் மறக்கிற ஆள். கால்பந்து கேமை அவனிடம் கொடுத்து, ஆடிப் பார்த்துவிட்டு ஒரு புகார்க் கடிதம் போடச் சொன்னார். ஒரு வாரம் கழித்து அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. குறை சொல்ல ஒண்ணுமே கிடைக்கலை."

"கையேட்டைப் படிச்சியா?"

"வரி விடாம படிச்சேன் மாமா."

வரி விடாமல் படித்தவன் கண்ணில் அந்தக் கோல் கம்பம் எப்படித் தப்பும்? தன் மனம் நோகக்கூடாதென்று மைத்துனன் பூசி மெழுகுகிறான் என்று அவருக்குப் புரிந்தது. பாவம், நல்ல பிள்ளை என்று விட்டுவிட்டார். அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தவரிடம் மனைவி, "யாரும் படிக்கலைன்னா என்னங்க, நீங்க மனசாரத்தானே எழுதினீங்க," என்றாள். கடைசி மூன்று கையேடுகளை அப்படிச் சொல்ல முடியாதே என்று அவருக்கு மேலும் வலித்தது.

ஆண்டுக் கடைசிக் கூட்டத்தில் மேலாளரும் புகார்ப் பிரிவு அம்மாளும் இருந்தார்கள். மேல் மாடியில் கேம் செய்கிறவர்கள் சார்பில் ஜலதோஷத்தோடு ஒரு பெண் வந்திருந்தாள். கையேட்டுக்காரர் அவளைப் பார்த்தது அதுவே முதல் தடவை. அவர் மேல் மாடிக்குப் போனதே இல்லை. ஓடுகிற படத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதால் ஒரு கேமும் ஆடியதில்லை.

அவர் எழுந்து நின்றார். முதியவர், எதிரி வீரன், கோல் கம்பம் என்று மூன்று பொய்களையும் பக்க எண்ணோடு ஒப்புக்கொண்டார்.

"ஒருத்தர் படிச்சிருந்தாக்கூட ஒரு புகாராவது வந்திருக்கும் சார். நீங்க சொன்னதுதான் சரி. நிறுத்திடுங்க. படிக்காதவங்களை விடுங்க, கடவுளுக்குத் தெரிஞ்சே பொய் எழுதின கை இது. விளம்பரத்துக்கே போயிடறேன்."

மேலாளருக்கே கண் கலங்கியது. ஆறுதலாக அவர் தோளைத் தட்டிவிட்டு, நிறுத்தல் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

மேல் மாடிப் பெண் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தாள். அவள் முகத்தில் கலவரம் தெரிந்தது.

"புகார் எப்படி சார் வரும்? எங்களுக்கு வேற யாரு எழுதிக் கொடுக்கிறா, உங்க புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதைப் படிச்சுத்தானே நாங்க கேமையே செய்யறோம்."