குதிரைகளுக்குப் பின்னால் காலியாக விட்ட இடம்

பிரியமுள்ள அக்கா ஆர்டிஸுக்கு, தங்கை வெல்டா எழுதுவது. அரிசோனா வெயிலில் உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என்னைப் பற்றிக் கேட்டால், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல். சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. என் வெர்னன் கண்ணை மூடின பிறகும் இந்த உடம்புக்கு வெட்கமில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தாண்டுக்கு முன்னால் உன் மகனை லாரியோடு அனுப்பி என்னைக் கூட்டிக்கொண்டு போ. ஒழித்துவைத்திருக்கிறேன் என்று சொன்னாயே, அந்தப் பின்னறையே எனக்குப் போதும். இந்த ஊரில் இனி என்னால் இருக்க முடியாது.

அவர் போன நாளிலிருந்து இங்கே என்னைக் கண்டால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். காபிக்கடையில் கிழவர்கள் மேசை சிரித்துக் கும்மாளமாக இருக்கும், நான் கதவைத் திறந்ததும் பாதிரியார் வந்துவிட்ட மாதிரி அடங்கிப்போகும். நம் டுவேன் இருக்கிறானே, என் கல்யாணத்திலேயே கெட்ட ஜோக்கு சொன்னவன், அவன் இப்போது தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு "எப்படி இருக்கீங்க வெல்டா"ங்கிறான். 'ங்க' போட்டு எனக்கு மரியாதை பண்ணுகிறான், அக்கா! வீட்டில்தான் சத்தமில்லை என்று வெளியே போனால் நான் போகிற இடமெல்லாம் வீடாகிவிடுகிறது.

இதற்கு நடுவில் கிறிஸ்துமஸ் ஊர்வலம் வந்தது. உனக்குத் தெரியாததா, வருஷா வருஷம் குதிரைகளுக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு நடக்கிறவர் வெர்னன்தான். கல்யாணக் கோட்டு, உயரமான கறுப்புத் தொப்பி, வண்டியைச் சுற்றிக் கலர் பல்பு. குதிரை லத்தி போட்டால் தொப்பியைக் கழற்றி அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருவார். ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். கடைசியில் வருகிற சாண்டாவுக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடையாது. ஊர்வலக் கமிட்டித் தலைவி மார்வா ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"வெல்டா, கமிட்டில ஒரே மனசா முடிவு பண்ணிட்டோம். வெர்னன் எடத்துல இனி யாரும் நடக்கப் போறதில்ல. அந்த எடத்த அப்பிடியே காலியா விடப் போறோம்."

"பள்ளிக்கூடத்துல பெரிய ஆட்டக்காரன் போனா அவன் நம்பர யாருக்கும் குடுக்காம சட்டைய செவுத்துல மாட்டுவாங்களே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்!" என்று அழுதேவிட்டாள். நான்தான் கைக்குட்டை கொடுத்தேன்.

"அப்ப லத்திய யாரு வாருவா?"

"ஐயோ, இந்த நேரத்துல நீ அதையெல்லாம் யோசிக்கலாமா?" என்று என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

ஊர்வலத்தன்று என்னை ஒரு திறந்த வண்டியில் வைக்கோல் கட்டின் மேல் உட்காரவைத்து, முழங்காலில் கம்பளி போர்த்தி, பக்கத்தில் அவருடைய தள்ளுவண்டியை நிறுத்தி, அதன்மேல் பைன் இலை வளையம், தொப்பி, சவ அடக்கத்தில் வைத்த அதே போட்டோ எல்லாம் வைத்தார்கள். மண்வாரிக்குக் கறுப்பு ரிப்பன். டுவேன் டிராக்டரில் எங்களை இழுத்தான். டிராக்டருக்கு முன்னால் மரியாதைக்குரிய காலி இடம், அதற்கு முன்னால் ரெக்ஸ் வீட்டுப் பெல்ஜியக் குதிரைகள், ஒவ்வொன்றும் ஒரு கொட்டகை அகலம். எனக்குப் பின்னால் பள்ளிக்கூட பேண்டு, எல்லாரும் புதுசாக வெள்ளை ஷூ. ஒலிபெருக்கியில் "வெர்னனுக்காக அமைதி காப்போம்" என்று சொல்ல, தெருவின் இரண்டு பக்கமும் தலை குனிந்தது. பிள்ளைகளுக்கு மிட்டாய்கூட வீசவில்லை. இன்னொரு தடவை புதைக்கிறார்களே என்று நான் கம்பளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேங்க் முனையில் முதல் குதிரை வாலைத் தூக்கியது.

காலி இடத்துக்கு நட்டநடுவில், அக்கா. குளிரில் ஆவி பறந்தது. எல்லோரும் தலை குனிந்து நின்றதால் வேறு எங்கும் பார்க்கவும் வழியில்லை. அடுத்த குதிரையும் மரியாதை செலுத்தியது. டிராக்டர் சக்கரம் அதைத் தெரு நெடுகத் தேய்த்தது, பின்னால் பாட்டு பாதியில் நின்றது, ட்யூபா என்கிற பெரிய குழலை ஊதுகிற பெண் சறுக்கி உட்கார்ந்தாள், பெரிய மேளம் அவள் மேல்.

"திரும்பிப் பாக்காதீங்க வெல்டா," என்றான் டுவேன்.

"வண்டிய நிறுத்து."

"முடியாதுங்க, பின்னால சாண்டா வர்றாரு."

"நிறுத்துறியா, நான் குதிக்கட்டுமா?"

நிறுத்தினான். வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் கழுத்திலேயே மாட்டினேன். தொப்பியை வைக்கவும் இடமில்லை, என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன், அது காதுவரை இறங்கியது. "தள்ளுவண்டிய எறக்கிக் குடு" என்றேன். மார்வா ஓடிவந்தாள்.

"வெல்டா, வேண்டாம்! அது நினைவுச் சின்னம்!"

"இது லத்தி, மார்வா. தள்ளி நில்லு."

வாரினேன். ரிப்பன் அதிலேயே புரண்டது. ஒரு குதிரை திரும்பி என்னைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைத்துச் செய்யவில்லை, கை தானாகத் தொப்பிக்குப் போய் அதற்குக் கும்பிடு போட்டுவிட்டது. யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு தெரு முழுக்க. துக்கத்தில் இருக்கிற பொம்பளையைப் பார்த்து ஊரே வாய்விட்டுச் சிரித்தது, அக்கா. "ஏய் வெல்டா, இந்தப் பக்கம் ஒண்ண விட்டுட்ட!" என்று கத்தினார்கள், அவரிடம் கத்துகிற அதே கத்தல். கடைசிவரை வாரிக்கொண்டே நடந்தேன், கண்ணில் தண்ணீர் நிற்கவேயில்லை. தீயணைப்பு நிலையத்தில் ஊர்வலக்காரர்களுக்குச் சில்லிக் கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் போட்டார்கள். வளையத்தைக் கழற்றாமலே டுவேன் எதிரில் உட்கார்ந்து, "உன் புருஷன் இன்னும் சுத்தமா வாருவான்டி" என்றான். டி போட்டான். வாய் நிறைய ரொட்டி.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு விதவை எப்படி இருப்பாள், நீயே சொல். சீக்கிரம் லாரியை அனுப்பு. உன் மூட்டையும் உன் மகனையும் ஆண்டவர் காப்பாற்றட்டும். மேசையில் எனக்கும் ஒரு தட்டு எடுத்து வை.

உன் தங்கை,
வெல்டா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகும் வழியில் காபிக்கடைக்குள் நுழைந்தேன். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. கிழவர்கள் மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். லாரி வேண்டாம். உன் பழைய கம்பளிச் சட்டை ஏதாவது இருந்தால் ஒரு துண்டு வெட்டி அனுப்பு. தொப்பிக்குள் வைத்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷமும் காதுவரை இறங்கும்.