பால்டிமோருக்குப் போன கிட்டார்

பெண்டாட்டியை ஏமாற்றுவது என்று முடிவெடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் தனியாக எடுத்த முதல் முடிவு அதுதான்.

போன ஈஸ்டரில், சர்ச்சில் எல்லோர் முன்னாலும், "இனி கிட்டாரைத் தொடமாட்டேன்" என்று வெர்டெல் என்னைச் சத்தியம் பண்ண வைத்திருந்தாள். மதுக்கடைகளில் வாசித்தது போதுமாம். அன்றிலிருந்து பிலடெல்பியா சோப்புத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன்.

அப்போது நியூயார்க்கிலிருந்து அழைப்பு. என் பெயரில் ஒரு முழு ஜாஸ் இசைத்தட்டு! கிட்டாருக்கு நான், ஆர்கனுக்கு என் நண்பன் தாடியஸ், டிரம்ஸுக்கு ஒருவர். மூன்றே பேர், மூன்றே நாள்.

கிட்டாரை முன்கூட்டியே தாடியஸ் வீட்டுக்குக் கடத்தினேன். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன்.

"வெர்டெல், பால்டிமோர்ல பெரியப்பா ரொம்ப முடியாம கிடக்காராம்."

"என்னவாம்?"

"நெஞ்சு."

"போன தடவ காலுன்னே?"

"கால்ல ஆரம்பிச்சு மேல ஏறிடுச்சு."

"ஐயோ பாவம். போய் பத்து நாள் இருந்துட்டே வா."

கோழி பொரித்து, ஷூ அட்டைப்பெட்டியில் கட்டியும் கொடுத்தாள். இவ்வளவு சுலபமா! ரயிலில் எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

ஒலிப்பதிவு கனவுபோல நடந்தது. ஆர்கன் அறையையே நிறைத்தது. டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு, மெல்லிய கம்பி பிரஷ்ஷால் டிரம்ஸை வருடினார். நடுவில் என் கிட்டார் நிதானமாக நடந்தது. தாடியஸ் மட்டும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆர்கன்காரனுக்குக் கவனம் முக்கியம் என்று நினைத்துக்கொண்டேன். மீதி ஏழு நாளும் நியூயார்க்கைச் சுற்றினேன்.

திரும்பி வந்தபோது வெர்டெல் படுக்கையில் கிடந்தாள். மார்பைச் சுற்றிக் கட்டு. ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

"என்ன இது?"

"கட்டி. மார்போட சேர்த்து எடுத்துட்டாங்க. நேத்துதான் ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு விட்டாங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ போயிருப்பியா? ரெக்கார்டு எப்படி வந்திருக்கு?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தாடியஸ் பெண்டாட்டி அப்பவே சொல்லிட்டா. உன் ரெக்கார்டிங் தேதியக் கேட்டுத்தான் டாக்டர்கிட்ட நாள் வாங்கினேன். மூச்சு விட்டா தொலைச்சுடுவேன்னு தாடியஸை மிரட்டி வச்சேன்."

"சர்ச்சுல பண்ணின சத்தியம்?"

"மதுக்கடைதான் எனக்குப் பிடிக்காது, கிட்டார் இல்ல. சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

பொய் சொன்னவன் நான். அரங்கேற்றியவள் அவள்.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"பரவியிருக்கான்னு இனிமேதான் தெரியுமாம்." சுவரைப் பார்த்தபடி சொன்னாள். என் கண்ணீர் அவள் போர்வையை நனைத்தது.

"அழாத, அலோன்சோ. பசிக்குது. முட்டை பொரிச்சுக் கொண்டா."

"எனக்குத்தான் பொரிக்கத் தெரியாதே."

"உனக்குத் தெரியும். பன்னெண்டு வருஷமா அந்தப் பொய்யையும் போனா போகுதுன்னு விட்டு வச்சிருக்கேன்."

போய்ப் பொரித்தேன். ஒரு மஞ்சள் கருகூட உடையவில்லை.