ஈறில் முளைத்த கட்டியும் என் தைப்பூச வேலும்

மதிப்புக்குரிய மைத்துனர் பரமசிவம் அவர்களுக்கு,

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து அழகர்சாமி எழுதுவது. கிள்ளானில் உம் வீட்டார் அனைவரும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்பானாக. இங்கே உம் அக்கா விசாலாட்சி சுகம், மகள் பவித்ரா சுகம், நானும் மேல் ஈறின் இடப்பக்கம் நீங்கலாகச் சுகம். இதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர். சொன்னேன். உமக்கென்று பேசி அனுப்பியது எப்படியோ குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. அதில் 'கட்டி' என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டு, ஈப்போவிலிருக்கும் உம் சித்தி மகள் சரசு ஒப்பாரியோடு போன் செய்தாள். ஆகவேதான் தாளும் பேனாவும்.

விஷயம் இதுதான். தைப்பூசத்துக்கு வழக்கம்போல் நீர் வர வேண்டும். வழக்கம்போல் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் என் கன்னத்தில் நீர்தான் வேல் குத்த வேண்டும். பவித்ரா குறைமாதத்தில் பிறந்து பிழைத்ததற்காக நான் எடுத்த நேர்த்தி இது. ஒரு வருஷமும் விட்டதில்லை. அரசாங்கமே ஊர்வலத்தை நிறுத்திய கொரோனா வருஷங்கள் அரசாங்கத்தின் கணக்கில் சேரும், என் கணக்கில் வராது. இந்த வருஷம் என்னைத் தடுக்க வீட்டுக்குள்ளேயே சதி நடக்கிறது. பிழைத்த பிள்ளையே சதிக்குத் தலைமை.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். மேலே கடைவாய்ப் பற்கள் போனதிலிருந்து நான் பல் செட் போடுகிறேன் அல்லவா, அது கொஞ்ச காலமாக ஆடியது. வேறு ஆளாயிருந்தால் பல் டாக்டரைத் தேடிப் போயிருப்பான். நான் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். ஆடுகிற எதையும் ஆடாமல் நிறுத்தியவன். செட்டின் ஒரு பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தேன், மறுபக்கத்தைப் பசை வைத்து உயர்த்தினேன், மறுபடி தேய்த்தேன். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்றால், இரவில் கழற்றவே முடியவில்லை. விசாலாட்சி பயந்தாள். நான் பெருமைப்பட்டேன்.

அந்தச் செட்டின் விளிம்பு உட்காரும் இடத்தில்தான், எனக்கும் முருகனுக்கும் மட்டும் தெரியும்படி, ஈறில் சின்னதாக ஒன்று தடித்தது. வலியில்லை. வலிக்காதது நோயில்லை என்பது என் அனுபவம். அதனால் அதன் போக்கில் விட்டேன். அது வளர்ந்தது. தேக்காவில் அப்துல் ஹமீது பாயின் கடையில் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் என் கன்னத்தையே பார்த்தார்.

"அண்ணே, வாய்க்குள்ள என்ன, பட்டாணியா? முழுங்குங்க, டீ ஆறுது லா."

"பட்டாணி இல்ல பாய். சதை."

"சதையா? விரதத்துலயா?"

கடையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். விரதகாலத்தில் ஒரு பக்தனின் வாய்க்குள் இறைச்சி இருப்பதாகப் பேச்சு பரவினால் என்ன ஆவது? உடனே சிகிச்சையைத் தொடங்கினேன். கிராம்பு எண்ணெய் வைத்தேன். எரிந்தது, வேலை செய்கிறது என்று பொருள். படிகாரம் வைத்தேன். சிவந்தது, இறங்கப்போகிறது என்று பொருள். இறங்கவில்லை. ஒரு நாள் பல் துலக்கும்போது கழுவுதொட்டியில் ரத்தம் விழுந்ததை விசாலாட்சி பார்த்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். நேரே பவித்ராவுக்குப் போன் செய்தாள்.

வெற்றிலை வாங்கப் போகலாம் என்று பவித்ரா என்னை அழைத்துப் போனாள். வெற்றிலைக் கடையைத் தாண்டி ஒரு பல் கிளினிக்கில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள். பெற்ற மகள்! டாக்டர் பெயர் நிரஞ்சனா. வயது பவித்ராவைவிடக் குறைவு. கட்டியைத் தொட்டுப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், படம் எடுத்தாள். பிறகு என் செட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை யாரு செஞ்சது அங்கிள்?"

"நான்தான். சொந்த வேலை."

பாராட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "அதான்," என்றாள். "இந்த ஓரம் ஈறை உரசிக்கிட்டே இருந்திருக்கு. அதைத் தாங்கத்தான் சதை இப்படித் தடிச்சுப்போச்சு. பார்த்தா பயப்படுற மாதிரி இல்ல. ரெண்டு வாரம் செட் போடாதீங்க, கொஞ்சம் சுருங்கும். மிச்சத்தை வெட்டி எடுத்து லேப்புக்கு அனுப்பிடலாம்."

"பயப்படுற மாதிரி இல்லைன்னா எதுக்கும்மா வெட்டணும்?"

"பயப்பட ஒண்ணும் இல்லைன்னு உறுதியாத் தெரியணும்ல அங்கிள்?"

கவனியும் மைத்துனரே. இவர்கள் படித்த படிப்பு இதுதான். ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ள என் வாயை வெட்ட வேண்டும். சரி, ரெண்டு வாரம் செட் இல்லாமல் கஞ்சி குடித்துக் கிடந்தேன். கட்டி பாதியாகச் சுருங்கியது. அது என் விரதத்தின் பலன் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மறுபடி அழைத்துப் போனார்கள். சாய்வு நாற்காலியில் படுத்தேன். அந்தப் பெண் மரத்துப்போகிற ஊசியை எடுத்தாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பயத்தினால் என்று நினைக்க வேண்டாம். அந்த அறையில் காற்றோட்டம் போதாது. உடனே பவித்ரா என்ன செய்தாள் தெரியுமா? போன வருஷம் என் கன்னத்தில் வேலோடு எடுத்த போட்டோவை டாக்டருக்குக் காட்டினாள். டாக்டர் அந்தப் போனோடு என் பின்னாலேயே வெளியே வந்துவிட்டாள்.

"அங்கிள், இது நீங்களா? இவ்வளவு பெரிய வேலுக்கு ஆடாம நிக்கிறீங்க, இந்தச் சின்ன ஊசிக்கா?"

"அது முருகன் குத்துறது. இது நீ குத்துறது."

"சரி அங்கிள். ஆனா எடுத்தாலும் எடுக்காட்டியும், இந்த வருஷம் அந்தக் கன்னத்துல வேல் வேண்டாம். புண்ணாயிடும்."

இப்போது சதி விளங்குகிறதா? இதற்கு நானே ஒரு வழி கண்டிருக்கிறேன். கட்டி இருப்பதும் இடப்பக்கம், நீர் வேல் குத்துவதும் இடக்கன்னம். குத்துகிறபோது ஒரு விரல்கடை மேலே பிடித்து அந்தக் கட்டியையும் சேர்த்துக் குத்திவிடும். நேர்த்தியும் முடியும், வைத்தியமும் முடியும். உம் கைப்பழக்கத்துக்கு இது பெரிய காரியமில்லை.

இந்த யோசனையை விசாலாட்சியிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டுச் சொன்னாள்: "அந்த வேலு உங்களுக்கு வலிக்குதா?"

"வலிக்காது. அவன் அருள்."

"வலிக்காததுக்குப் பேரு நேர்த்தியா? உங்களுக்கு அது பழகிப்போச்சுங்க. அந்த ஊசியப் பாத்துப் பயந்து எந்திரிச்சு வந்தீங்களே, அதைப் போய் குத்திக்கிட்டு வாங்க. முருகன் அதைத்தான் கணக்குல வச்சுக்குவான். லேப்புல ஒண்ணும் இல்லன்னு சொல்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது, அது தெரியுமா உங்களுக்கு?"

பெண்கள் ஆன்மிகம் பேசினால் இப்படித்தான். பதில் என்னிடம் ஏராளம். ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள், தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை. உயிரே போனாலும் அந்த நாற்காலியில் இனி படுக்கமாட்டேன். வேலை எலுமிச்சை வைத்துத் துலக்கி எடுத்துக்கொண்டு, பூசத்துக்கு முந்தின நாளே வந்து சேரும்.

உம் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, எல்லாருடைய ஈறுகளுக்கும் ஆண்டவன் காவல்.

இப்படிக்கு,
அசையாத
அழகர்சாமி

பி.கு.: கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்துவிட்டது. வேல் கொண்டுவர வேண்டாம். கட்டியை எடுத்தாயிற்று. ஊசி போடுகையில் 'வேல் வேல்' சொல்ல வேண்டும் என்று நிபந்தனை வைத்தேன். பவித்ரா சொன்னாள், விசாலாட்சி சொன்னாள், சீன நர்ஸும் சேர்ந்து சொன்னாள். வெளியே காத்திருந்தவர்களில் இருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம். லேப்பிலிருந்தும் பதில் வந்தது: வெறும் சதை, கெட்டது ஒன்றுமில்லை. அன்றைக்குத்தான் விசாலாட்சி முழுச் சாப்பாடு சாப்பிட்டாள். டாக்டர் புதுச் செட்டுக்கு அளவெடுத்திருக்கிறாள். என் பழைய செட்டை, பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலைத்திறன் தெரிந்த பெண். இந்த வருஷம் எனக்குப் பால்குடம் மட்டும். விசாலாட்சியின் குடத்தையும் நம்மில் ஒருவர்தான் தூக்க வேண்டும். ஊசி போட்டபோது அவள் கையைப் பிடித்திருந்தேன், இன்னும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அவளாகச் சொன்னால் ஒழிய நீர் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது.