சம்பந்தி ஏறிய கேரியர்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அளவுக்கு மீறி ஆராய்ச்சி செய்கிறவன், வாங்கிய பிறகு அதை ஒழுங்காகப் பயன்படுத்தியதாகச் சரித்திரம் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவர்.

எனக்குச் சைக்கிள் பயணப் பித்து உண்டு. வருஷத்துக்கு ஓரிரு தடவை பையைக் கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பி, எங்காவது ராத்திரி தங்கிவிட்டுத் திரும்புவேன் (ஓரிரு தடவை என்பது ஆசை, அதுவரை போனது ஒரே தடவைதான்). என் சைக்கிளில் சாதாரணக் கேரியரை மாட்ட முடியாது. திருகாணி போடுவதற்கான ஓட்டைகளே சட்டத்தில் கிடையாது. ஆகவே சீட்டைத் தாங்கும் குழாயைக் கவ்விக்கொண்டு, கீழே கால் எதுவும் இல்லாமல் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கேரியர் ஒன்று தேவைப்பட்டது. அதிலும் இரண்டு ரகம். ஒன்றைத் திருகாணி போட்டு முறுக்க வேண்டும், இன்னொன்றில் சின்ன நெம்புகோலை அழுத்தினாலே போதும். எப்போதாவது போகிறவனுக்குக் கழற்றி மாட்ட எது வசதி? ஒரு மாசம் போனும் கையுமாக வீடியோ பார்த்தேன். "பொண்ணு பாக்க வந்தப்பக்கூட என்னய இம்புட்டு நேரம் பாக்கல இவுக" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நெம்புகோல் ரகத்தை வாங்கினேன். ஒன்பது கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. என் பையின் எடை அதற்குள் அடங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை மகளுக்குக் காது குத்து வைத்தார்கள். திருச்சுழி தாண்டி, தங்கையின் புகுந்த வீட்டாருக்குக் குலதெய்வமான அய்யனார் கோவிலில் விசேஷம். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அவன் கொண்டுவரும் தோடுதான் காதில் ஏற வேண்டும். மாமன் வந்து சேராமல் ஆசாரி ஊசியைத் தொடமாட்டார். மனைவி சீர்த் தட்டுகளோடு முதல் நாளே போய்விட்டாள். தோடு மட்டும் நகைக்கடையிலிருந்து தாமதமாக வந்ததால், அதைக் கொண்டுபோவது என் பொறுப்பானது. அவ்வளவு தூரம் போகிறோமே, விருந்தை முடித்துவிட்டு அப்படியே கமுதி, சாயல்குடி வழியாகக் கடல் வரைக்கும் மிதித்துவிடலாம் என்று எனக்கு யோசனை வந்தது.

தங்கை போனில் கெஞ்சினாள். "அண்ணே, எனக்கு வளைகாப்பு அன்னைக்கு ஒடம்போட ஒட்டுன டவுசரப் போட்டுக்கிட்டு சைக்கிள்ல வந்து எறங்குனேல்ல, அத இன்னும் இங்கன பேசிக்கிட்டு இருக்காக. என்னால பதில் சொல்லி மாளல. அன்னைக்கு ஒரு நாளு மட்டும் பஸ்ஸுல வந்துருண்ணே."

"வாரேன்த்தா" என்றேன். பஸ்ஸில் என்று நான் சொல்லவில்லை (அப்போது இது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது). கோவிலுக்குச் சற்று முன்னால் கண்மாய்க் கரையில் கருவேலம் புதருக்குள் சைக்கிளை ஒளித்துவிட்டு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நடந்து போய்விடுவதாகத் திட்டம்.

விடியும்போதே கிளம்பினேன். திருச்சுழி தாண்டும் வரை கேரியர் துளியும் அசையவில்லை. கண்மாய்க் கரை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், ரோட்டோரம் ஒரு மொபெட்டும் பக்கத்தில் கையில் பூமாலையோடு ஒரு வெள்ளை வேட்டியும் நிற்பதைப் பார்த்தேன். தங்கையின் மாமனார். வீட்டில் அவர் இருமினால் அடுப்படி வரைக்கும் அமைதியாகிவிடும் என்று தங்கை சொல்வாள்.

"யாரது, மாப்ளயா?" என்றார். அவர் பார்வை என் டவுசர் மேல் கொஞ்ச நேரம் தங்கியது. "மாலை வாங்கிட்டு வாரேன், வண்டி பஞ்சராயிருச்சு. போன் போட்டா மேளச் சத்தத்துல ஒருத்தரும் எடுக்கல. நல்ல நேரம் முடியப் போகுது."

"நான் போயி ஆள அனுப்புறேன் மாமா."

"என்னயக் காட்டுல விட்டுட்டு வந்தேன்னு அங்க போயிச் சொல்லப் போறீகளா? இம்புட்டு நீளத்துக்குக் கேரியர் வச்சுருக்கீக."

மாமா பருத்தி மூடை மாதிரி ஆள். ஒன்பது கிலோ விவகாரத்தை அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது? 'உங்களில் ஒரு காலை மட்டும்தான் ஏற்ற முடியும் மாமா' என்றா? சம்பந்தியை ஏற்ற மாட்டேன் என்று சொன்னால் அந்தப் பேச்சு முழுக்கத் தங்கை தலையில்தான் விடியும். ஏற்றினால் என்ன ஆகும் என்பதையோ ஒரு மாசமாக வீடியோவில் பார்த்திருந்தேன்.

"உக்காருங்க மாமா" என்றேன்.

மாலை நசுங்கக்கூடாது என்று அதை என் கழுத்தில் போட்டார். என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். கேரியர் முனகியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் மெதுவாக இறக்கி ஏற்றினேன்.

"மாப்ள, ஏதோ கருகுற வாடை வருது."

"பக்கத்துல கருவேலங்கரிக்கு மூட்டம் போடுறாங்க மாமா" என்றேன். கேரியர் கீழே சரிந்து, அதன் கம்பிகளுக்கிடையே டயர் மாமாவின் வேட்டியை உரசிக்கொண்டிருந்தது.

அடுத்த பள்ளத்தில் 'டக்'கென்று சத்தம். சைக்கிள் திடீரென்று பறந்தது. திரும்பிப் பார்த்தேன். மாமா ரோட்டோர மண்ணில், கேரியர் மேல் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தார். நெம்புகோல் திறந்துகொண்டு அவரையும் கேரியரையும் அங்கேயே விட்டுவிட்டு, சைக்கிள் மட்டும் என்னோடு வந்திருந்தது.

ஓடிப்போய்த் தூக்கினேன். பயத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மாமா, அது ஒம்பது கிலோதான் தாங்கும். ஒங்ககிட்டச் சொல்லப் பயந்துட்டேன்."

மாமா கேரியரைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். "ஒம்பது கிலோவா? அப்பக் காது குத்துற பிள்ளையத்தான் ஏத்தலாம்" என்றார். பிறகு வெயிலைப் பார்த்தார். "முன்னால பார் இருக்குல்ல. பிடிங்க, ஏறுறேன்."

அப்படித்தான் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கழுத்தில் மாலையும் ஒட்டிய டவுசருமாக நான். எனக்கு முன்னால் பாரில், கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்தபடி சம்பந்தி. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தங்கையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சைக்கிளோடு அப்படியே கண்மாய்க்குள் இறங்கிவிடலாமா என்றிருந்தது.

மாமா இறங்கினார். "என்ன பாக்குறீக? நல்ல நேரம் தப்பிரக்கூடாதுன்னு நாந்தேன் மாப்ளயச் சைக்கிள்ல வரச் சொன்னேன்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுக் கம்பீரமாகச் சாமியைப் பார்த்துத் திரும்பினார். வேட்டியின் பின்பக்கம், நட்ட நடுவில், டயரின் அச்சு கன்னங்கரேலென்று பதிந்திருந்தது.

முதலில் சிரித்தது என் தங்கைதான். அதுவரை மாமனார் முன்னால் சத்தமாகப் பேசிக்கூட அறியாதவள், பிள்ளை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"என்னத்தா?" என்றார் மாமா.

"வேட்டி, மாமா..."

அவர் வேட்டியை இழுத்துப் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார், கூட்டமே சிரித்தது. டவுசர் மேலேயே பட்டு வேட்டியைச் சுற்றிக்கொண்டு நான் மணையில் உட்கார, ஆசாரி ஊசியை எடுத்தார். என் மருமகள் அழுததைவிட நான் அழுததுதான் அதிகம் என்கிறார்கள்.

அந்த வீட்டில் இப்போது டவுசரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விசேஷங்களில் யாராவது என்னைக் காட்டி, ஆள் எப்படி என்று விசாரித்தால், "நல்ல மனுசன், நம்பிப் பார்ல உக்காரலாம்" என்று மாமா ஆரம்பித்து, தன் மருமகளைப் பார்த்து நிறுத்திக்கொள்வார். "கேரியர்ல மட்டும் உக்காந்துறாதீக" என்று மீதியைச் சபை முழுக்கக் கேட்கும்படி சொல்வது என் தங்கை.