வைகையில் தேக்கு மிதந்த கதை

உப்பூர்,
18.8.1965

மேன்மைமிகு மச்சான் முனியசாமி அவர்கள் சமூகத்துக்கு, சோணைமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கள் தங்கை இருளம்மாள், மகள் முத்தழகு மூவரும் நலம், மழைதான் நலமில்லை. சென்னையில் தங்கள் எல்லோர் சுகத்துக்கும் எழுதவும்.

நிற்க. ரங்கூனிலிருந்து வந்து பத்து மாதமாகியும் முத்தழகு இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை. பதினாலு வயசுப் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தேன். பெரியவர்கள் முன்னால் நடந்தால் குனிந்து போவதுதானே பர்மாவில் மரியாதை? முதல் நாள் வகுப்பாசிரியர் அப்துல் அஜீஸ் முன்னால் அப்படிப் போயிருக்கிறாள். பிள்ளை எதையோ தொலைத்துவிட்டது என்று அவரும் குனிந்து தேட, வகுப்பே பெஞ்சுக்கு அடியில் புகுந்து தேட, பீரியட் முழுக்க அதிலேயே போயிற்று. கடைசியில், "ஒண்ணும் விழலைங்க சார். உங்களைத் தாண்டிப் போனேன்" என்றாளாம். அன்றிலிருந்து இவளைக் கண்டாலே பிள்ளைகள் தரையில் தேடுகிறார்களாம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

போன வாரம் வைகையை வரையச் சொல்லியிருக்கிறார்கள். இவள் கரை ததும்பத் தண்ணீர் வரைந்து, அதில் தேக்குக் கட்டைத் தெப்பங்களை மிதக்கவிட்டு, தெப்பத்தின் மேல் குடிசை, குடிசையில் அடுப்புப் புகை வரைக்கும் போட்டுவிட்டாள். அஜீஸ் சார் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணிய எங்கன பாத்தம்மா?" என்று கேட்டாராம். இவள் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். பர்மாவில் பொழுது சாயும்போது ஐராவதி ஆறு செம்பு நிறமாவதையும், தெப்பக்காரன் போன பிறகும் அவன் பாட்டு ஆற்றின் மேலேயே கிடப்பதையும். வெளியே காய்ந்த கண்மாயில் கானல் ஓட, நாற்பது பிள்ளைகளும் தண்ணீருக்குள் இருப்பதுபோல அசையாமல் இருந்தார்களாம். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "பிள்ளை படிக்கலைன்னா பாத்துக்கிடலாம். வாத்தியாரையும்ல கூட்டிட்டுப் போயிருச்சு" என்றார். இரண்டு வகுப்பு கீழே இறக்கப்போகிறாராம்.

சாயங்காலமானால் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறாள் மச்சான். துணைக்கு நானும் உட்காருகிறேன். உட்கார்ந்தா எந்திரிக்க மனசு வரமாட்டேங்குது. ஆகவே தாங்கள் அடுத்த வாரமே வந்து இவளைக் கூட்டிப்போய், அங்கே பர்மாவிலிருந்து வந்த பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடவும்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி நெடுங்காலம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சோணைமுத்து

பி.கு.: உறையை ஒட்டுமுன் முத்தழகு இதை வாங்கிப் படித்து மூன்று எழுத்துப்பிழை திருத்தினாள். சனிக்கிழமை மலிகா என்ற வகுப்புத் தோழி வீட்டுக்குத் திருப்பாலைக்குடி போகிறாளாம். கீழே இறக்குவதையும் அஜீஸ் சார் பேசி நிறுத்திவிட்டாராம். சென்னைக்கு வரமாட்டாளாம். "ரங்கூனை நெனச்சு ஏங்குறது நான் இல்லய்யா, நீங்கதான்" என்கிறாள். ஆகையால் அவளைக் கூட்டிப்போக வரவேண்டாம். முடிந்தால் என்னை ஒரு வாரம் கூட்டிப்போகவும்.