உப்பு மூடற சாக்குல பறந்த ஹீரோ

அன்னிக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் படம் காட்டறதுக்கு வெள்ளைத் துணி எடுத்துக்கிட்டு வரணும். அவ்வளவுதான்.

ஆடி மாசம், அம்மனுக்குக் கூழ் ஊத்தின நாள். வருஷா வருஷம் கூழ் ஊத்தி முடிச்சா, இருட்டினதும் கோயில் திடல்ல திரை கட்டிப் படம் போடுவாங்க. எப்பவும் சாமிப் படம்தான். அந்த வருஷம் எங்கண்ணன் பாலு இளைஞர் மன்றத்துக்குத் தலைவர். தலைவர்னா மைக் செட்டுக்காரர்கிட்ட சண்டை போடறவன்னு அர்த்தம்.

"சாமிப் படமெல்லாம் வேணாம். இங்கிலீஷ் படம், தமிழ்ல பேசறது. பறக்கறவன் படம்!"ன்னு சொல்லிட்டான்.

ஊரே குதிச்சுது. எனக்கு ஒண்ணும் தோணல.

இப்பவே சொல்லிடறேன். எனக்கு இந்தப் பறக்கறவங்க மேல கோவமும் இல்ல, ஆசையும் இல்ல. கேபிள்ல நாலஞ்சு பார்த்துட்டேன். பகல்ல ஒழுங்கா ஆபீஸ் போவான். ஊருக்கு ஆபத்துன்னா சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, முதுகுல துண்டைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவான். எதுக்கு அந்தத் துண்டு?

அண்ணன்கிட்டயே கேட்டேன்.

"அது காத்துல பறக்கறதுக்குடி."

"துண்டு பறக்கும். அவன் எப்படிப் பறப்பான்?"

"பத்தாவதோட நின்னவளுக்கு அதெல்லாம் புரியாது."

"நீ எட்டாவதோட நின்னவன். உனக்கு எப்படிப் புரிஞ்சுது?"

அதுக்குத் தண்டனையா துணி எடுக்கற வேலை என் தலையில விழுந்துச்சு.

"கோயில் ரூம்ல மன்றத்துத் திரை இருக்குது. எடுத்துக்கினு வா, மலர். அஞ்சு நிமிஷ வேலை"ன்னான்.

கோயில் ரூமைத் திறந்தேன். திரை இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு எலிக் குடும்பமும் இருந்துச்சு. விரிச்சுப் பார்த்தா நடுவுல நானே நுழைஞ்சு வர்ற அளவுக்கு ஓட்டை. ஹீரோ பறந்தா நேரா அதுக்குள்ளதான் போய் விழுவான்.

சரி, வீட்டுல பார்க்கலாம்னு போனேன். எங்க வீட்டு பெட்ஷீட் முழுக்கக் கிளி. பக்கத்து வீட்டுச் சித்திகிட்ட வேட்டி கேட்டேன்.

"சித்தி, சித்தப்பா வேட்டி ஒண்ணு குடேன். படம் காட்டணும்."

"இருக்கறதே இடுப்புல இருக்கற ஒண்ணுதான். அதைக் குடுத்துட்டா உங்க சித்தப்பா எதைக் கட்டினு வந்து படம் பார்ப்பாரு?"

மூணாவது வீட்டுல போய் நிக்க எனக்குப் பொறுமை இல்ல. பிடிக்காத படத்துக்கு இவ்வளவு நடந்ததே அதிகம்! கடுப்புல உப்பளத்து வழியா திரும்பினேன்.

அங்க கரையில எங்க உப்பு.

சித்திரையிலேர்ந்து அப்பாவும் அம்மாவும் நானும் வாரின உப்பு, மலையா குவிஞ்சிருந்துச்சு. அதுக்கு மேல வெள்ளையா, பெருசா, ஓட்டையே இல்லாத ஒரு போர்வை. சர்க்கரை மூட்டைச் சாக்கையெல்லாம் பிரிச்சு அம்மா கையாலயே தச்சது. மறுநாள் காலையில லாரி வருது. அந்த உப்பு லாரி ஏறினாதான் ஐப்பசி மழைக்குள்ள எங்க வீட்டுக் கூரை மாறும். போன மழையில வீட்டுக்குள்ளயே குடை பிடிச்சுக்கிட்டுச் சோறு தின்ன குடும்பம் எங்களோடது.

வானத்தைப் பார்த்தேன். கழுவி வச்ச தட்டு மாதிரி இருந்துச்சு.

'படம் முடிஞ்சதும் கொண்டாந்து மூடிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?'

உப்பளத்துலயே பொறந்து வளர்ந்தவ, ஆடி மாசத்துச் சாயங்கால வானத்தை நம்பினேன்! பால்காரர் ஊத்தற பாலைக்கூட நம்பலாம்.

அண்ணன் போர்வையைத் தடவிப் பார்த்தான். அவனுக்கு வேலை பாண்டிச்சேரியில, உப்பளத்துப் பக்கமே வர மாட்டான்.

"எங்கேர்ந்துடி புடிச்ச இதை?"

"துணி கேட்ட. வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"அப்ப கம்பை நடு."

ரெண்டு சவுக்குக் கம்புக்கு நடுவுல நானே இழுத்துக் கட்டினேன். உப்பு மூடறப்ப நாங்க போடற முடிச்சு அது. ஒரு இழுப்பு இழுத்தா அவிழ்ந்துடும். மழை வந்தா நகத்தால நோண்டி நோண்டி அவிழ்க்க நேரம் இருக்காது, அதான். பழக்க தோஷத்துல கை தானா அந்த முடிச்சையே போட்டுச்சு.

கோட்டக்குப்பத்துலேர்ந்து ரஹீம் பாய் புரொஜெக்டர் கொண்டாந்திருந்தாரு. கைக்குழந்தை மாதிரி மடியில வச்சுக்கிட்டு ஆட்டோவுல வந்தாரு. படம் ஆரம்பிச்சுது. ஹீரோ சட்டையைக் கழட்டினான். விசில் பறந்துச்சு!

அப்பதான் ஒரு சின்னப் பையன் எழுந்து நின்னான்.

"பாலுண்ணா, அவன் மார்ல இன்னா எழுதியிருக்குது?"

அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கிட்டு எழுத்துக் கூட்டினான். "யூஸ்... நோ... ஹூக்ஸ்."

"அப்படின்னா?"

"அது அவனோட மந்திரம்டா. உக்காரு."

எனக்கு மட்டும்தான் தெரியும். கொக்கி போட்டுத் தூக்காதேன்னு மூட்டைக்கு எழுதினது அது. அப்பால கதாநாயகி வந்தா. அவ நெத்தியில ஐம்பது கிலோன்னு இருந்துச்சு. பொருத்தமாதான் இருந்தா.

எங்கப்பா முதல் வரிசையில உக்காந்து வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்க்கறாரு. தன் உப்புப் போர்வையில ஒருத்தன் பறக்கறதுக்குத் தானே கை தட்டறாரு!

நான் சத்தமா கொட்டாவி விட்டேன். "எப்படியும் இவன்தான் காப்பாத்தப் போறான். எழுந்து போய்ச் சாப்பிடலாம்ல?"

"வாயை மூடுடி!"

"படம் பிடிக்கலன்னா வூட்டுக்குப் போயேன்!"ன்னு பின்வரிசையிலேர்ந்து ஒரு குரல்.

எனக்குப் போகவும் முடியல. போர்வையை யாரு திருப்பி எடுத்துக்கிட்டுப் போறது?

கிளைமாக்ஸ் வந்துச்சு. பாலத்துலேர்ந்து ஒரு பஸ் தொங்குது. உள்ள ஸ்கூல் பிள்ளைங்க. ஹீரோ ஒரு கையால பஸ்ஸைப் பிடிச்சுக்கிட்டு முக்கறான். திடலே மூச்சு விடல. அந்த நேரத்துல அம்மா என் பக்கம் சாஞ்சு மெதுவா கேட்டாங்க.

"ஏண்டி, அவன் கழுத்துல குறுக்கால ஒரு தையல் ஓடுதே... அது என் தையல் மாதிரி இருக்குதே?"

"எல்லாத் தையலும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்"ன்னேன்.

அதே நேரம் முதுகுல ஜில்லுனு ஒரு காத்து. திரும்பினா மேக்கால பளிச்சுனு ஒரு மின்னல். கழுவி வச்ச தட்டைக் காணோம். கருகின சட்டியாட்டம் மேகம் ஏறி வருது.

காரணம் சொல்லிட்டு ஓடியிருக்கணும். "மழை"ன்னு ஒரு வார்த்தை போதும். எனக்கு வாய் எங்க திறந்துச்சு? நேரா போய் முடிச்சை ஒரு இழுப்பு. ரெண்டாவது இழுப்பு. திரை கையில வந்துடுச்சு.

ஹீரோவும் பஸ்ஸும் பின்னாடி இருந்த புளியமரத்துல போய் விழுந்தாங்க. இலை இலையா முக்கிக்கிட்டிருந்தான் பாவம்.

அப்புறம் ஊரே கத்துச்சு.

"டேய், அவளைப் பிடிங்கடா!"

"காலையிலேர்ந்தே இந்தப் படத்தைக் கரிச்சுக் கொட்டினா! வேணும்னே அவுத்துட்டா!"

"ஏம்மா, ஏம்மா! என் மிஷின்மா!" இது ரஹீம் பாய். நான் மிஷினைத் தொடவே இல்ல.

நான் ஓடறேன். போர்வையைச் சுருட்ட நேரம் இல்ல, ரெண்டு முனையைக் கழுத்துக்கிட்ட பிடிச்சுக்கிட்டு ஓடறேன். பின்னாடி காத்து புகுந்து மீதிப் போர்வை பந்தலாட்டம் எழும்புது. வரப்பு மேல என் கால் பட்டதும் தெரியல, படாததும் தெரியல. அந்தத் துண்டு எதுக்குன்னு கேட்டேன்ல? சொல்றேன் கேளுங்க. அது பறக்க விடாது. உப்புப் பாத்திக்குள்ள தள்ளும்.

குப்புற விழுந்தேன். மூக்கு வழியா உப்புத் தண்ணி ஏறிடுச்சு. பின்னாடி துரத்தி வந்த கூட்டம் கரை மேல வந்து நின்னுச்சு. அண்ணன் கையை ஓங்கிட்டான்.

அப்ப இன்னொரு மின்னல். போர்வை இல்லாம, பளபளன்னு நின்னுச்சு எங்க உப்பு.

அப்பாதான் முதல்ல பார்த்தாரு. "ஏய்! மழை!"ன்னு ஒரே கத்தல்.

எங்க பக்கத்துல ஒரு வழக்கம். கரையில நின்னு யாரு மழைன்னு கத்தினாலும், அது யாரு உப்புன்னு கேக்கக் கூடாது. முதல்ல மூடணும், திட்டறதெல்லாம் அப்பால. ஓங்கின கையாலயே அண்ணன் ஒரு முனையைப் பிடிச்சான். சித்தப்பா இருந்த ஒரே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மேல ஏறினாரு. என்னை அடிக்க எடுத்துக்கிட்டு வந்த கல்லையெல்லாம் ஓரத்துல பாரமா வச்சாங்க. வசதியா இருந்துச்சு.

கடைசிக் கல்லை வைக்கவும் மழை கொட்டவும் சரியா இருந்துச்சு.

எல்லாரும் தொப்பலா நின்னோம். மூடி முடிச்சாச்சுல்ல, வரிசையா ஆரம்பிச்சாங்க.

"படம் பார்க்கறப்பவே நினைச்சேன், இந்தத் திரையை எங்கயோ பார்த்த மாதிரி இருக்குதேன்னு"ன்னாரு அப்பா.

"நான் கழுத்துலயே கண்டுபிடிச்சுட்டேன்"னாங்க அம்மா.

"முதுகுல துண்டைக் கட்டினு பறந்தியே, உன்னைவிட அவனே தேவலாம்டி"ன்னு சித்தி.

ரஹீம் பாய் மிஷினை எங்க வீட்டுல வாங்கின கிளி பெட்ஷீட்ல சுத்தி எடுத்துக்கிட்டு, சி.டி.யையும் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு. பெட்ஷீட் இன்னும் வரல.

காலையில லாரி வந்துச்சு, உப்பு ஏறிச்சு. திண்டிவனம் போற ரோட்டுல அது திரும்பற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னேன். பக்கத்துல அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னான்.

"ஏண்டி, கடைசியில அந்த பஸ்ஸுக்கு என்னதான் ஆகியிருக்கும்?"

"உப்பு நனையல. வேற என்ன வேணும் உனக்கு?"